விட்டுக்கொடுத்த பதினான்காம் எண்

பதிவு முகப்பில் புதிதாக அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே!

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, இருமிக்கொண்டே உங்கள் முகப்புக்கு வந்து நின்றவன் நான்தான். உங்களில் ஒருவர் புன்னகையோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நானும் புன்னகையோடு ஒரு பதில் சொன்னேன். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் சேர்ந்து செய்த காரியம்தான் என்னை இந்த மடலை எழுத உட்காரவைத்தது. அது என்ன காரியம் என்பதை இப்போதே சொல்லிவிட மாட்டேன். எதை முதலில் சொல்வது, எதை நேரக்காப்பாளர் மணியில் கை வைக்கும்வரை பிடித்துவைப்பது என்பது சொற்போர் மேடை எனக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு.

முப்பத்தொரு வயதுக்காரன் ஓய்வுபெற்றவனைப் போலப் பேசுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் உலகத்திலிருந்து ஓய்வுபெறவில்லை; அந்த நாற்காலியிலிருந்து மட்டுமே ஓய்வுபெற்றேன். இடப்பக்கக் கைப்பிடி ஆடுகிறதே, அதே நாற்காலி. ஏழு ஆண்டுகள் அதில் அமர்ந்தேன். இப்போது அலோர் காஜாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் ஆடாத நாற்காலி கிடைத்திருக்கிறது. ஆனாலும் நல்ல சொற்கள் அனைத்தும் அந்த ஆடும் நாற்காலியில்தான் பிறந்தன. தீய விளைவுகளும் அங்கேதான் பிறந்தன. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். இடைநிலைப்பள்ளியில் படித்தபோது மாநில அளவிலான சொற்போரில் மூன்று கிண்ணங்கள் வென்றவன் நான். எனக்குப் பயிற்சி அளித்த ஆசிரியர் ஒரு நுட்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “எதிரணியிடம் கேள்வி கேட்டால், ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பதிலே இருக்கக்கூடாது.” அந்த நுட்பத்தில் எனக்கு நிகர் நானே. எதிரணியினர் ‘ஆம்’ சொல்வார்கள். அவையோர் ‘ஆம்’ சொல்வார்கள். ஒருமுறை நடுவரே ‘ஆம்’ சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தத் திறமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் உயிர் இதில் தொங்கப் போகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் மருத்துவமனையில் எல்லாம் காகித அட்டைதான். நோயாளி தம் அட்டையைத் தாமே கையில் பிடித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போவார். அட்டை எங்கே போகிறதோ ஆளும் அங்கே போவார். பிறகு கணினிப் பதிவு வருவதென்று முடிவாயிற்று. பழைய அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அப்படி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் சரோஜா ஆன்டி முதன்முதலாக என் முன்னால் அமர்ந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்றவர், நீரிழிவுக்காரர். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்தன. கைப்பையிலிருந்து நெகிழி உறையிட்ட சின்ன அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பென்சிலின் ஒவ்வாது என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

“ஒரே ஒரு மாத்திரை தம்பி. பத்து நிமிசம் ஆகல. முகம் பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு. தொண்டை அடைச்சு மூச்சு நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ்ல போட்டு மலாக்காவுக்குக் கொண்டு போனாங்க. அங்க டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘இன்னொரு தடவை இந்த மருந்து உள்ள போச்சுன்னா, ஆம்புலன்ஸ் வர்றதுக்கு நேரம் இருக்காது’ன்னாரு.”

நான் அவருடைய பதிவில் ஒவ்வாமைக் குறியைப் போட்டேன். திரையின் நெற்றியில் சிவப்புப் பட்டை ஒன்று எரிந்தது. அந்தப் பதிவைத் திறக்கும் எந்த டாக்டரும் அதைக் காணாமல் இருக்க முடியாது. ஆன்டியிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். “பரவாயில்லலா, கொடி மாதிரி இருக்கு” என்றார்.

கணினிப் பதிவின் தொடக்க நாள் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் நமக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மருத்துவ நாள். தோட்டத்து வேன் வரும் நாள். காத்திருப்புக்கூடம் நிறைந்திருக்கும். நிறைந்த கூடத்தைக் கண்டால் என் தொண்டை தானாகச் சரிசெய்துகொள்ளும். யாரும் கேட்காமலேயே நான் ஓர் உரை தயாரித்திருந்தேன். பன்னிரண்டு பக்கம். தலைப்பு: ‘நினைவின் சுமையிலிருந்து விடுதலை’.

“பெரியோர்களே! இத்தனை ஆண்டுகள் உங்கள் நோயை நீங்கள் சுமந்தீர்கள். உங்கள் மருந்தின் பெயரையும் நீங்களே சுமந்தீர்கள்! இனிச் சுமக்க வேண்டுமா? எந்த மருந்து ஆகும், எந்த மருந்து ஆகாது என்று இனி நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம்! கணினி நினைக்கும்! கணினி சுமக்கும்! கணினி காக்கும்!”

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள் பலருக்கு அன்று அழுத்தம் சற்றுக் கூடுதலாகப் பதிவானதற்கு அந்த உரையே காரணம் என்று நாம் மிசி என்றழைக்கும் செவிலி ஒருவர் பின்னர்க் குறைபட்டுக்கொண்டார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேன் ஓட்டும் செல்வம் அண்ணன் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்: “தம்பி, எலெக்ஷன்ல நிக்கப் போறியா, இல்ல சும்மா பழகிக்கிறியா?”

கூட்டத்திலிருந்து சரோஜா ஆன்டி கையைத் தூக்கினார். “அப்ப இந்தச் சின்ன அட்டை இனிமே வேணாமா தம்பி?”

நான் வலக்கையை அகல விரித்தேன். “வேண்டாம் அம்மா! வேண்டவே வேண்டாம்!”

மீண்டும் கைத்தட்டல். அதைக் கேட்டு மகிழாத ஒரே ஆள் மருந்து முகப்பில் இருந்த பெண். கோலா சுங்கை பாருவிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வருபவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் சொற்களை ஒரு மருந்து உறையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அவர் பெயரை இங்கே எழுதினால் அடுத்த ஒரு மாதத்துக்கு அந்தச் சொற்களும் எனக்குக் கிடைக்காது என்பதால் எழுதாமல் விடுகிறேன். நான் மேடைபோல் பாவித்த நாற்காலியிலிருந்து இறங்கியதும் அவர் கேட்டார்:

“முடிஞ்சுதா அண்ணே?”

“முடிந்தது. எப்படி இருந்தது?”

“நீளமா இருந்துச்சு.”

இனி, புதிய முறையில் என்ன மாறியது என்று சொல்கிறேன். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் ஐசி என்னும் அடையாள அட்டையைச் செருகினால் வரிசை எண் அச்சாகி வரும். அந்த எண்ணை அழைத்ததும், அந்த ஐசிக்கு உரிய பதிவு டாக்டரின் திரையில் தானாகத் திறக்கும். அதாவது, அந்தச் சீட்டு வெறும் வரிசைச் சீட்டு அன்று. அது ஓர் ஆள். இது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். வேனுக்குத் தெரியாது.

வேனுக்கு என்று ஒரு முறை இருந்தது. எல்லோருடைய ஐசியையும் செல்வம் அண்ணன் வாங்கிக்கொள்வார். ஒவ்வொன்றாக இயந்திரத்தில் செருகி, சீட்டுகளை எடுத்து, ரம்மி ஆட்டத்துக்குப் பிரிப்பதுபோல வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவார். அதன்பிறகு கூடத்தில் இன்னொரு விநியோகம் நடக்கும். “உனக்கு முட்டி வலி, நீ முன்னால போ.” “எனக்குப் பேரன் ஸ்கூல் விட்டு வருவான், உன் நம்பரக் கொடுக்கா.” “ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க.” காகித அட்டைக் காலத்தில் இதனால் ஒரு குறையும் வரவில்லை. எண்ணை மாற்றிக்கொண்டாலும் அட்டை அவரவர் கையில்தானே இருந்தது! இப்போதோ அட்டை இல்லை. எண்ணை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார்.

முதலில் மாறியவர் பெருமாள் அங்கிள். துடைப்பக்குச்சிபோல் இருப்பார். முந்தைய மாதம் நாற்பத்தெட்டு கிலோ. புதிய முறை வந்த இரண்டாம் வாரம் கணினி அவருடைய எடையைத் தொண்ணூற்றொன்று என்று பதிந்தது. தம்முடைய எண்ணை அவர் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதைத் தொண்ணூற்றொரு கிலோ எடையுள்ள அந்த நண்பரின் மானம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். கணினி அதிர்ந்துபோய், உணவு ஆலோசகருக்குத் தானாகவே அறிவிப்பு அனுப்பியது. ஆலோசகர் தொலைபேசியில் பெருமாள் அங்கிளை அழைத்து, ரொட்டி சானாய் கூடாது, தே தாரேக் என்னும் பால் தேநீர் கூடாது, சோறு கைப்பிடி அளவு என்று கண்டித்தார். அங்கிள் கீழ்ப்படிந்தார். அடுத்த முறை தம்முடைய சொந்த எண்ணிலேயே வந்து எடை பார்த்தார். நாற்பத்தாறு. ஆலோசகர் அவருடைய பதிவில் ‘மிகச் சிறந்த முன்னேற்றம்’ என்று எழுதிவைத்தார்.

“என்னமோ தம்பி, பசி தாங்கல” என்று அங்கிள் என்னிடம் வந்து நின்றபோதுதான் குட்டு உடைந்தது.

எண்களை மாற்றிக்கொள்வதே காரணம் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? யோசிக்க வேண்டும். நான் செய்தது, இரண்டாவது உரை. நல்ல சொற்போராளி எதிரணியின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வான். பிறகு ‘ஆனால்’ என்று திரும்பி அடிப்பான். அவ்வாறே, விட்டுக்கொடுத்தல் நம் பண்பு என்றும், பேருந்தில் இடம் கொடுப்பவர்கள் நாம், பந்தியில் இலை கொடுப்பவர்கள் நாம் என்றும் ஐந்து நிமிடம் நெஞ்சுருகப் பேசினேன். சில ஆன்டிமார் கண்ணைத் துடைத்தார்கள். நான் மூச்சை இழுத்து, “ஆனால்…” என்றேன்.

ஒலிவாங்கியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மீதியைக் கத்தித்தான் பேசினேன். ஆனால் அதற்குள் கைத்தட்டல் தொடங்கிவிட்டது, செல்வம் அண்ணன் தே வாங்கிவரக் கிளம்பிவிட்டார், கூட்டம் கலைந்துவிட்டது. மறுவாரம் எண் மாற்றிக்கொள்வது இரண்டு மடங்காயிற்று. “தம்பியே சொல்லிருச்சு” என்று ஒருவருக்கொருவர் சீட்டுகளைத் திணித்துக்கொண்டார்கள்.

நிர்வாகம் விழித்துக்கொண்டது. டாக்டரின் அறைக்குள் யார் போனாலும், எண்ணுக்கு உரியவர்தானா என்று வாசலில் ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த ஒருவன் நான். என் முழுத் திறமையையும் கொண்டு அந்தக் கேள்வியைச் செதுக்கினேன். தலையைச் சற்றே சாய்த்து, உள்ளங்கையை நீட்டி, கனிந்த குரலில்: “நீங்கள்தானே பெருமாள் அங்கிள்?” “நீங்கள்தானே லெட்சுமி ஆன்டி?”

எல்லோரும் ‘ஆமா’ என்றார்கள். முதல் வாரம் எல்லோரும். இரண்டாம் வாரமும் எல்லோரும். ஒருவர்கூட ‘இல்லை’ என்று சொல்லவில்லை. இதைவிடச் சிறந்த சரிபார்ப்பு வேறு எங்கே இருக்க முடியும் என்று பூரித்துப்போய், மதிய உணவு வேளையில் மருந்து முகப்புப் பெண்ணிடம் பெருமையடித்தேன்.

“எல்லாருமே ஆமான்னு சொல்றாங்களா?” என்று கேட்டார்.

“எல்லோருமே!”

“ம்.”

அவ்வளவுதான். டப்பாவை மூடிவிட்டுப் போய்விட்டார். அந்த ‘ம்’மின் முழு விளக்கம் எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். மலாக்காவிலிருந்து மாற்று டாக்டர் ஒருவர் வந்திருந்தார். இளம் மலாய்ப் பெண், பொறுமையானவர், நம் நோயாளிகள் யாரையும் முன்பின் அறியாதவர். கூடத்தில் கூட்டம் அதிகம். சரோஜா ஆன்டியின் காலில் புண். செருப்புக் கடித்தது பழுத்து, பாதம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவருக்குச் செல்வம் அண்ணன் கொடுத்த எண் முப்பத்தொன்று. பக்கத்தில் இருந்த லெட்சுமி ஆன்டிக்குக் கிடைத்தது பதினான்கு. லெட்சுமி ஆன்டிக்கு வழக்கமான அழுத்தப் பரிசோதனைதான், அவசரம் ஏதுமில்லை. பிறகு நடந்ததை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு எம்மா நேரம் உக்காருவ? இந்தா, என் நம்பர்ல போ.”

“வேணாம்கா, நீங்க முன்னாடியே வந்தீங்க.”

“அட போ லா! எனக்கு வீட்ல என்ன வேலை, டிவிதானே.”

பதினான்காம் எண்ணை அழைத்தார்கள். முகக்கவசம் அணிந்த ஓர் அம்மையார் நொண்டியபடி வந்தார். நான் முகத்தைப் பார்த்தேனா? பார்த்தேன் என்று சொன்னால் பொய். பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்தேன், தலையைச் சாய்த்தேன், உள்ளங்கையை நீட்டினேன்.

“நீங்கள்தானே லெட்சுமி ஆன்டி?”

ஒரு கணம் தயங்கினார். பிறகு, “ஆமா தம்பி” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்று மாலையே அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சட்டம்போட்டு மாட்டியிருக்க வேண்டும்: “நீ அவ்ளோ அழகா கேக்குற தம்பி. இல்லன்னு சொன்னா உன் மனசு சங்கடப்படாதா? அதோட, இல்லன்னு சொல்லிட்டா அக்கா கொடுத்த நம்பரு வீணாப் போயிரும்ல.”

உள்ளே டாக்டரின் திரையில் லெட்சுமி ஆன்டியின் பதிவு திறந்தது. சிவப்புப் பட்டை இல்லை. டாக்டர் காலைப் பார்த்தார், ஊசி மருந்து தேவை என்று கண்டார், முறைப்படி மலாயில் கேட்டார்: “உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?”

சரோஜா ஆன்டி பெருமையோடு மலாயிலேயே பதில் சொன்னார்: “அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு டாக்டர். நாங்க இப்ப எதையும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல.”

கணினி நினைக்கும், கணினி சுமக்கும், கணினி காக்கும். பன்னிரண்டு பக்க உரையில் ஒருவர் மனத்தில் தங்கிய பகுதி இதுதான். டாக்டர் திரையைப் பார்த்தார். அங்கே ஒவ்வாமை ஏதுமில்லை. பென்சிலின் வகை ஊசி மருந்தை எழுதினார்.

பதினான்காம் எண்ணை ஊசிக்காகச் சிகிச்சை அறைக்கு அனுப்பியது மட்டும் என் கண்ணில் பட்டது; வேறு எதுவும் தெரியாமல் நான் வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தேன். இருபதாம் எண், இருபத்தொன்றாம் எண் என்று போய்க்கொண்டிருந்தன. அப்போது அழுத்தம் பார்க்கும் மிசி, பின்னால் வரப்போகிறவர்களை முன்கூட்டியே அழைத்து அமரவைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றாம் எண்ணில் வந்து அமர்ந்தவர் லெட்சுமி ஆன்டி. மிசியின் திரையிலோ சரோஜா ஆன்டியின் பதிவு. சிவப்புப் பட்டை எரிந்துகொண்டிருந்தது. காலையில் பதிந்த குறிப்பையும் மிசி படித்தார்.

“ஆன்டி, கால் புண்ணுன்னு போட்டிருக்கு. எங்க, காட்டுங்க.”

லெட்சுமி ஆன்டி சேலையை ஒரு சாண் தூக்கி இரண்டு பாதங்களையும் நீட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. மிசி குழம்பினார். ஆன்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

“எனக்கு என்னா புண்ணு? புண்ணு அப்பவே உள்ள போயிருச்சு!”

அந்தச் சிரிப்பு மூன்று அடி தூரத்தில் நின்ற என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். லெட்சுமி ஆன்டி, அவருக்குப் பின்னால் திரை, திரையின் நெற்றியில் சிவப்புப் பட்டை. நான் என் கையால் போட்ட பட்டை. பட்டை வெளியே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டைக்கு உரிய உடம்போ உள்ளே ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது.

தம்பி தங்கையரே, என் வாழ்நாளில் முதன்முறையாக எனக்குச் சொல் வரவில்லை. கால் வந்தது. ஓடினேன். இடையில் நாற்காலி ஒன்று; தாண்டினேன். செல்வம் அண்ணன் தே நிரம்பிய பைகளோடு எதிரே வந்தார். அவரைத் தாண்ட முடியவில்லை. இரண்டு தே என் சட்டையில், ஒன்று அவர் வேட்டியில். “டேய் பட்டிமன்றம்! கண்ணு தெரியலையா?” என்ற குரல் முதுகில் விழுந்தது. சிகிச்சை அறையின் கதவைத் தள்ளினேன். அப்போது போன சொல் திரும்பி வந்தது, மொத்தமாக வந்தது.

“நிறுத்துங்கள்! அந்த ஊசியை நிறுத்துங்கள்! அது மருந்தன்று, நஞ்சு!”

மூன்று கிண்ணங்கள் வென்ற குரல். வெளியே கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

உள்ளே எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. ஊசி மருந்து, தொடப்படாமல், தட்டில் தனியே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. சரோஜா ஆன்டி கட்டிலில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மருந்து முகப்புப் பெண் தொலைபேசியில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டு, பஞ்சை வைத்திருந்த மிசி மட்டும் பஞ்சைக் கீழே போட்டார்.

“ஏன் தம்பி கத்துற? என் பிரஷர் ஏறிறப் போவுது” என்றார் சரோஜா ஆன்டி.

நடந்தது இதுதான். ஊசி மருந்துக்கான உத்தரவு மருந்து முகப்புக்கு வந்ததும், அந்தப் பெண் வழக்கம்போல் தாமே அதை எடுத்துக்கொண்டு சிகிச்சை அறைக்குப் போயிருக்கிறார். அவரிடம் உறையில் எழுதியிருந்த பெயர் இருந்தது. அதைப் படித்துக்காட்டி ‘நீங்கள்தானே’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையைச் சாய்க்கவும் இல்லை. கையை நீட்டவும் இல்லை.

“பேரு சொல்லுங்க ஆன்டி.”

சரோஜா ஆன்டி திகைத்தார். என் கேள்விக்கு ‘ஆமா’ என்று தலையாட்டினால் போதுமாக இருந்தது. இந்தக் கேள்விக்குத் தாமே வாயைத் திறந்து, தம்முடையதல்லாத பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பொய். எழுபது வயதில், காய்ச்சலோடு, ஓர் ஊசிக்காகப் பொய் சொல்லலாமா? யோசித்துவிட்டு மெல்லக் கேட்டார்:

“எந்தப் பேரும்மா? என் பேரா, நம்பரோட பேரா?”

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் நாற்காலி தாண்டி, தே குளித்து, அறைகூவல் விடுத்துக் காப்பாற்ற வந்த உயிரை, அவர் மூன்று சொற்களில் ஏற்கெனவே காப்பாற்றிவிட்டு, சரியான பதிவைத் திறக்கவைத்து, வேறு மருந்துக்கு டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் சட்டையிலிருந்து தே சொட்டியது. தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் ஆமான்னு சொல்லுவாங்கண்ணே. நீங்க வேற வழியே விடலையே.”

அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

வெளியே லெட்சுமி ஆன்டிக்கு விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார். “நல்லது செய்யப் போயி கொன்னுருப்பேனே” என்று மார்பில் அடித்துக்கொண்டார். சரோஜா ஆன்டி நொண்டிக்கொண்டே வந்து அவருடைய தோளைப் பிடித்து, “நீங்க என்னாக்கா பண்ணீங்க? இந்தத் தம்பி கேட்ட கேள்விதான் அப்படி” என்று ஆறுதல் சொன்னார். கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவையோர் தீர்ப்பு என்றால் என்ன என்பதை அன்று அறிந்தேன்.

எண் மாற்றிக்கொள்வதை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எட்டுப் பக்க அறிக்கை எழுதினேன். அதைப் படித்த மருந்து முகப்புப் பெண் எனக்கு ஒன்றைக் காட்டினார். அன்று அந்த எண்ணை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால், சரோஜா ஆன்டி அந்தக் காலோடும் காய்ச்சலோடும் இன்னும் பதினேழு பேருக்குப் பின்னால் காத்திருந்திருப்பார். யார் முதலில் போக வேண்டும் என்பது வேனுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. கணினிக்குத்தான் தெரியவில்லை. எனவே அறிக்கையைக் கிழித்துவிட்டு, இரண்டே வரிகளில் அறிவிப்பு ஒட்டினோம்: ‘எண்ணை விட்டுக்கொடுக்க விரும்புவோர் இருவரும் சேர்ந்து முகப்புக்கு வாருங்கள். கணினியிலும் மாற்றித் தருகிறோம்.’ இன்றும் உங்கள் தலைக்கு மேலே ஒட்டியிருக்கிறதே, அதுதான். அதில் வியப்புக்குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று போட்டிருந்தேன், அவர் அழித்துவிட்டார்.

இன்னொரு கடமையும் எனக்கு இருந்தது. அந்தச் சின்ன அட்டை. எங்கே என்று சரோஜா ஆன்டியிடம் கேட்டேன். சற்று நாணினார்.

“சாப்பாட்டு மேசைக்கு ஒரு காலு கட்டை தம்பி. ஆடிக்கிட்டே இருந்துச்சு. நீதான் அட்டை வேணாம்னியா, அதை மடிச்சு அடியில வெச்சேன். இப்ப ஆடல.”

அந்தச் சனிக்கிழமை தோட்டத்துக்கே போனேன். செல்வம் அண்ணன்தான் வேனில் கூட்டிப்போனார்; வேட்டிக் கறையைப் பற்றி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மேசையைத் தூக்கி அட்டையை எடுத்தோம். சிவப்பு மை அழியவில்லை. ஆன்டி அதைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மேசை மறுபடியும் ஆடியது. சாம்பார் தளும்பியது. ஆன்டியும் அண்ணனும் என்னைப் பார்த்தார்கள்.

என் பையில் பன்னிரண்டு பக்க உரை இருந்தது. அதை ஏன் கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் கொண்டு போவேன். எடுத்தேன். நான்காக மடித்தேன். மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.

ஆன்டி மேசையை அழுத்திப் பார்த்தார். “இதுதான் சரியான அளவு தம்பி. அட்டையவிட நல்லா நிக்குது.”

“பார்த்தியா, உன் பேச்சுலயும் விஷயம் இருக்கு” என்றார் செல்வம் அண்ணன்.

அன்றுமுதல் நான் வாசலில் அந்த மூன்று சொற்களைத்தான் கேட்டேன். முதல் வாரம் பெருமாள் அங்கிள் கோபித்துக்கொண்டார்: “அஞ்சு வருசமா வர்றேன், என் பேரு தெரியாதா உனக்கு?” தெரியும் அங்கிள், உங்கள் வாயால் கேட்க ஆசை என்றேன். அதன்பிறகு அவர் தம் பெயரோடு தந்தையார் பெயர், பிறந்த தேதி, தாம் வேலை செய்த தோட்டத்தின் பிரிவு எண் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். நேரம்தான் ஆகும். ஆகட்டும்.

இப்போது மணியில் கை வைக்கும் நேரம். சென்ற செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இருமிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். என் எண்ணை அழைத்திருந்தார்களா, பக்கத்தில் இருந்தவருடைய எண்ணையா என்று நான் கவனிக்கவில்லை. உங்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் மலர்ந்தன. தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார்: “நீங்கதானே அந்தப் பேச்சாளர் அண்ணன்?”

எந்தப் பேச்சாளர், எந்தப் பதிவு, எந்த எண் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். இருமலையும் அடக்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியால் ஓர் உயிர் ஏறக்குறையப் போனதைக் கண்ணால் கண்டவன், அதற்காகத் தே குளித்தவன், அந்த நாற்காலியில் ஏழு ஆண்டுகள் அமர்ந்தவன், நான், சொன்னேன்:

“ஆமாம்.”

டாக்டரிடம் போனேன், அவருக்கும் அவசரம்; திரையில் திறந்திருந்த பதிவைப் பார்த்தே மருந்து எழுதினார். சீட்டோடு மருந்து முகப்புக்கு வந்தேன். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஏழு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர். மூன்று அடி தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கையிலிருந்த மருந்து உறையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“பேரு சொல்லுங்க.”

சொன்னேன். அவர் உறையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் லெட்சுமி ஆன்டியின் பெயர் இருந்தது. இரத்த அழுத்த மாத்திரை, இரண்டு மாதத்துக்கு.